பொண்ணு சைக்காலஜி படிக்கணும்ங்கறா, சேலத்துல இருந்துட்டு இதுல என்ன வேலைக்குப் போக முடியும்?

அம்மாபேட்டை தறிக்காரர்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா, பயாலஜி குரூப், கவர்மெண்ட் ஸ்கூல், மார்க் நல்லாவே வந்திருக்கு. வீட்ல நர்சிங்கோ பி.காமோ போகட்டும்னு பேசிட்டு இருக்கோம், அவ ஒரே புடியா சைக்காலஜிதான்னு நிக்கறா. எனக்கு தறியும் பாவும் தெரியும், இது தெரியாது. சொந்தத்துல ஒருத்தர் அது பைத்தியத்துக்கு பாக்கற படிப்புங்கறார், இன்னொருத்தர் கவுன்சிலிங் சென்டர் வெச்சா நல்ல காசுங்கறார், ஒரு காலேஜ்ல அட்மிஷனுக்கு ஒக்காந்திருந்தவரு நெறைய பிரிவு இருக்கு சார் எதுல வேணா போலாம்னு நோட்டீஸ் ஒண்ணு குடுத்தாரு, அதுல கிளினிக்கல், கவுன்சிலிங், எஜுகேஷனல், இண்டஸ்ட்ரியல், ஃபாரன்சிக், ஸ்போர்ட்ஸ்னு பேரு மட்டும் இருக்கு, எதுக்கு எத்தன வருஷம், எங்க படிக்கணும், யாரு வேலை குடுப்பாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. இந்தத் துறைல வேலை பாக்கறவங்க யாராச்சும் இருந்தா வெவரமா சொல்லுங்க. வெளியூர் அனுப்ப மாட்டேன்னு இல்ல, வசதியப் பாத்துத்தான் அனுப்ப முடியும்.

நேர்பேச்சு

அண்ணா நேராவே சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. டிகிரி மூணு வருஷம், மாஸ்டர்ஸ் ரெண்டு வருஷம், அதுக்கப்பறமும் ஆஸ்பத்திரில சைக்காலஜிஸ்ட்னு ஒக்கார முடியாது, இன்னும் படிக்கணும்பாங்க. நர்சிங் போனா நாலு வருஷத்துல சம்பளம் வந்துரும். என் தங்கச்சி கூட பி.எஸ்சி சைக்காலஜி படிச்சவங்கள்ல பாதிப்பேரு சம்பந்தமே இல்லாத வேலைலதான் இருக்காங்க. பொண்ணுக்கு ஆசை இருக்குங்கறதுக்காக அஞ்சு வருஷத்த அடமானம் வெக்காதீங்க.

கருப்பட்டி காபி

நேர்பேச்சு சொல்றது பாதி நெசம். மீதிய நான் சொல்றேன்ங்க. நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஒரு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல இருக்கேன், சொந்த ஊரு ஓமலூர் பக்கம்.

மொதல்ல ரெண்டு பேர பிரிச்சுக்கோங்க அண்ணா. சைக்கியாட்ரிஸ்ட்ங்கறவரு எம்பிபிஎஸ் முடிச்சு மனநலத்துல எம்.டி பண்ண டாக்டர், மாத்திரை அவருதான் எழுதுவாரு. சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுதறதில்ல, டெஸ்ட் வெச்சுப் பாக்கறது, தெரப்பி குடுக்கறது, ரிப்போர்ட் எழுதறது இதெல்லாம்தான் எங்க வேலை. பொண்ணு சைக்காலஜி டிகிரி வழியா போனா ரெண்டாவது வழி, டாக்டர் ஆக முடியாது. இத அவகிட்டயும் தெளிவா கேட்டுருங்க, ஏன்னா இந்தக் கொழப்பத்தோடவே சேந்து ரெண்டாவது வருஷத்துல அழுவுற புள்ளைங்கள பாத்திருக்கேன்.

அடுத்தது பதிவு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு தொழில் பண்ணணும்னா ஆர்சிஐ பதிவு வேணும், அதாவது ரிஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா, 1992ல வந்த சட்டம். பதிவு இல்லாம பண்ணா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஆயிரம் ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம்னு சட்டத்துலயே இருக்கு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ அங்கீகரிச்ச படிப்பு படிச்சவங்கன்னுதான் சொல்லுது. இத்தன நாளா அந்தப் படிப்பு மாஸ்டர்ஸ்க்கு மேல ரெண்டு வருஷ எம்.ஃபில். பெங்களூர் நிம்ஹான்ஸ், நம்ம முட்டுக்காடு நீப்மெட், சென்னை ஸ்ரீராமச்சந்திரா மாதிரி எடங்கள்ல இருந்துச்சு, சீட்டு ரொம்பக் கம்மி, எண்ட்ரன்ஸ் எழுதித்தான் உள்ள போகணும். யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022ல எம்.ஃபிலயே மொத்தமா நிறுத்திட்டாங்க, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 வரைக்கும் நீட்டிப்பு குடுத்தாங்க. அதுக்குப் பதிலா ஆர்சிஐ புதுசா நாலு வருஷ பி.எஸ்சி கிளினிக்கல் சைக்காலஜி, ரெண்டு வருஷ எம்.ஏ கிளினிக்கல் சைக்காலஜினு கொண்டுவந்திருக்கு. அதனால பொண்ணுக்கு கிளினிக்கல்தான்னா, பழைய ஆளுங்க சொல்ற பாதைய அப்படியே நம்பாதீங்க, சேர்ற வருஷம் ஆர்சிஐ வெப்சைட்ல எந்தக் காலேஜுக்கு அப்ரூவல் இருக்குன்னு பாத்துட்டு அப்பறம் ஃபீஸ் கட்டுங்க. சாதா பி.எஸ்சி சைக்காலஜிங்கறது பாவு ஓட்டுன மாதிரிதாங்க அண்ணா, துணி ஆகணும்னா ஊடை அதுக்கப்பறம்தான்.

இப்ப வேலை என்னன்னு சொல்றேன், எல்லாரும் பேசறதுன்னு மட்டும் நெனச்சுக்கறாங்க. என் டேபிள்ல ஒரு மரப்பலகை இருக்கும், செகுயின் ஃபார்ம் போர்டுனு பேரு. வட்டம், நட்சத்திரம், சிலுவை, அரைவட்டம்னு பத்து குழி, அதுல பொருந்தற பத்து மரக்கட்டை. கட்டைய எல்லாம் எடுத்து அடுக்கிட்டு கொழந்தைகிட்ட சீக்கிரமா வைடா தங்கம்னு சொல்லிட்டு ஸ்டாப்வாட்ச் அழுத்துவோம். மூணு தடவை. எவ்ளோ நேரம் ஆச்சுங்கறது மட்டும் இல்ல, நட்சத்திரத்த சிலுவை குழில வெச்சு அமுக்குதா, தப்புன்னு தெரிஞ்சதும் தானா மாத்துதா, இல்ல அம்மா மூஞ்சிய பாக்குதா, எல்லாத்தையும் குறிச்சுக்கணும். இதோட பினே காமத், மாலின்னு அறிவுத்திறன் டெஸ்ட், வைன்லேண்ட்னு சமூக முதிர்ச்சி அளவுகோல் இதெல்லாம் கொழந்தைக்கு ஏத்த மாதிரி சேத்து வெச்சு ரிப்போர்ட் எழுதறோம், அத வெச்சுத்தான் அறிவுசார் குறைபாட்டுக்கு சதவீதம் போட்டு சர்டிபிகேட் வரும். 40 சதவீதம் இருந்தாத்தான் அரசு சலுகை பெரும்பாலானதும் கெடைக்கும். ஒரு தாயி கல்வராயன் மலைல இருந்து பஸ் மாறி மாறி வந்து கொழந்தையோட நிக்கறாங்கன்னா நான் அவசரத்துல தப்பா எழுதற ஒரு நம்பர் அந்த வீட்டோட உதவித்தொகையவே நிறுத்திரும். இந்த வேலை அவ்ளோ கனமானது, அந்தக் கனம் புடிச்சவங்களுக்கு இத விட நல்ல வேலை கெடையாது.

நேர்பேச்சு

சரிக்கா, இதெல்லாம் நீங்க கடைசி வரைக்கும் படிச்சதால. நடுவுல நிக்கறவங்க கதி?

ஒண்டிக்கடை மீனா

நான் பதில் சொல்றேன், ஏன்னா நான் கிளினிக்கல் இல்ல. எம்.எஸ்சி கவுன்சிலிங் முடிச்சுட்டு ஏற்காட்டுல ஒரு போர்டிங் ஸ்கூல்ல ஸ்கூல் கவுன்சிலரா இருக்கேன். நடுவுல நிக்கறதுன்னு இதுக்குப் பேரு வெக்க வேண்டாம் தம்பி, இது தனி வேலை.

மலை மேல வெள்ளக்காரன் காலத்துல இருந்தே போர்டிங் ஸ்கூல் இருக்கு, மான்ட்ஃபோர்ட் 1917ல ஆரம்பிச்சது. ஜூன் மாசம் புதுப் புள்ளைங்க வரும்போது மழையும் பனியும் சேந்து வரும். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு ஃபோன் பேசுன அப்பறம் ராத்திரி வயித்துவலின்னு சிக் ரூமுக்கு வர்ற புள்ளைங்க எண்ணிக்கை ஏறும். நர்ஸ் மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி என்ன கூப்புடுவாங்க. அந்த வலி பொய் இல்ல, கொழந்தைக்கு உண்மையாவே வலிக்கும். பக்கத்துல ஒக்காந்து ஊர்ல யாரு இருக்காங்க, நாய் பேரு என்ன, அம்மா ஃபோன்ல என்ன சொன்னாங்கன்னு கேட்டுக் கேட்டு தூங்க வெக்கறது ஒரு பக்கம், வார்டனுக்கு அந்தப் புள்ளைய சோம்பேறின்னு திட்டாதீங்கன்னு வெளக்கறது இன்னொரு பக்கம். இது டெவலப்மெண்டல் சைக்காலஜி புக்ல பவுல்பியோட அட்டாச்மெண்ட், அதாவது கொழந்தைக்கும் வளக்கறவங்களுக்கும் இருக்கற ஒட்டுதல் பத்திப் படிச்சதுதான், அங்க தியரி, இங்க அது ஸ்வெட்டர் போட்டுட்டு மூக்க உறிஞ்சிட்டு நிக்கும்.

அப்பறம் கற்றல் குறைபாடு. அஞ்சாங்கிளாஸ் பையன் கணக்குல புலி, எழுத்துன்னு வந்தா மட்டும் திருப்பித் திருப்பி எழுதறான்னா அவன நான் கண்டுபுடிச்சு கருப்பட்டி அக்கா மாதிரி ஆளுங்ககிட்ட அசெஸ்மெண்டுக்கு அனுப்பணும். நம்ம ஸ்டேட்ல பத்தாவது, பன்னெண்டாவது பரிட்சைக்கு டிஸ்லெக்சியா சர்டிபிகேட் இருந்தா கூடுதல் நேரம், எழுதறதுக்கு ஆள், ஒரு மொழிப்பாடத்துல விலக்குன்னு சலுகை இருக்கு. இது தெரியாம எத்தனை புள்ளைங்க மக்குன்னு பேர் வாங்கிட்டு தறிக்கும் பட்டறைக்கும் போயிருக்குங்கன்னு நெனச்சா தாங்கல. தெரியுமா, உலகத்துல மொத மொத சைக்காலஜி கிளினிக் 1896ல அமெரிக்காவுல பென்சில்வேனியா யுனிவர்சிட்டில லைட்னர் விட்மர்ங்கறவரு ஆரம்பிச்சதே ஸ்பெல்லிங் வராத ஒரு பையனுக்காகத்தான், ஒரு டீச்சர் கூட்டிட்டு வந்தாங்க. கிளினிக்கல்னு இன்னைக்கு பெருசா பேசற பிரிவே ஸ்கூல் வாசல்ல பொறந்தது.

வேலை வாய்ப்பு பத்தி அண்ணனுக்கு ஒண்ணு. 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல நூறு புள்ளைங்களோ அதுக்கு மேலயோ படிக்கற எல்லா கல்வி நிறுவனத்துலயும் தகுதியான ஒரு கவுன்சிலரோ சைக்காலஜிஸ்ட்டோ சோஷியல் வொர்க்கரோ இருக்கணும்னு வழிகாட்டுதல் குடுத்துச்சு. நீட் கோச்சிங் போன ஒரு மாணவி இறந்துபோன வழக்குல வந்தது. ராசிபுரம், நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோட எத்தனை ஸ்கூல் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். எல்லாரும் ஒரே நாள்ல ஆள் எடுத்துருவாங்கன்னு சொல்லல, ஆனா கேட்டுப் போறதுக்கு இப்ப ஒரு சட்டக் காரணம் இருக்கு.

சம்பளம் ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும், சின்ன ஸ்கூல்ல கவுன்சிலர்ன்னு எடுத்துட்டு மாரல் சயின்ஸ் பீரியடும் பஸ் டியூட்டியும் குடுப்பாங்க, அத சேர்ற அன்னைக்கே பேசி எழுதி வாங்கிக்கணும். இன்னொண்ணு, கொழந்தை ரகசியம்னு சொன்னாலும் பாலியல் தொந்தரவு விஷயம்னா போக்சோ சட்டப்படி நாங்க புகார் குடுத்தே ஆகணும், மேனேஜ்மெண்ட் வேண்டாம்னு சொன்னாலும் குடுக்கணும். அந்த தைரியம் இல்லாதவங்க இந்த வேலைக்கு வரவே கூடாது.

அம்மாபேட்டை தறிக்காரர்

படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே ஒக்காந்துட்டேன்ங்க. எங்க பெரியவனும் எழுத்து வராமத்தான் எட்டாவதோட நின்னான்.

பொண்ணுகிட்டயும் காட்டுனேன். அவளுக்கு ஃபாரன்சிக் சைக்காலஜினு ஒண்ணு மேலதான் கண்ணாம், குற்றவாளிய பேசிப் பேசியே கண்டுபுடிக்கறது. அது நம்ம பக்கம் உண்டா? அப்பறம் வீட்ல இருந்தே தபால்ல படிச்சா செலவு கம்மின்னு என் மச்சான் சொல்றாரு, அது சரியா வருமா?

கருப்பூர் ரெண்டாவது செமஸ்டர்

தபால் பத்தி நான் சொல்றேன் மாமா, நான் கருப்பூர்ல பெரியார் யுனிவர்சிட்டில எம்.எஸ்சி சைக்காலஜி பண்றேன். தபால்ல வேண்டவே வேண்டாம். 2021ல அலைடு ஹெல்த்கேர் படிப்புகளுக்குன்னு ஒரு தேசிய கமிஷன் சட்டம் வந்துச்சு, அந்த லிஸ்ட்ல சைக்காலஜியும் இருக்கு. அதனால யுஜிசி 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கைல இருந்து சைக்காலஜிய தொலைதூரக் கல்விலயும் ஆன்லைன்லயும் நடத்தக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. யாராச்சும் இப்பவும் வீட்ல இருந்தே சைக்காலஜி டிகிரின்னு விளம்பரம் போட்டா அந்தப் பக்கம் போகாதீங்க. அதே மாதிரி மூணு மாச டிப்ளமோ முடிச்சா தெரப்பிஸ்ட்னு சர்டிபிகேட் குடுக்கறாங்க, அத வெச்சு ஆஸ்பத்திரில யாரும் உள்ள விட மாட்டாங்க.

படிப்பு எப்படி இருக்கும்னும் சொல்லிடறேன், தங்கச்சிக்கு உதவும். கதை பேசற சப்ஜெக்ட் கெடையாது. 1879ல ஜெர்மனில லைப்சிக்ல வில்ஹெல்ம் வுண்ட் லேப் ஆரம்பிச்சதுல இருந்தே இது டெஸ்ட் பண்ணிப் பாக்கற படிப்பு. மிரர் டிராயிங்னு ஒரு எக்ஸ்பெரிமெண்ட், நட்சத்திரப் படத்து மேல பென்சில் ஓட்டணும், ஆனா கைய நேரா பாக்க முடியாம தட்டு வெச்சு மறைச்சிருப்பாங்க, எதிர்ல கண்ணாடில தெரியறத பாத்துத்தான் வரையணும். மொத தடவ கை எங்கயோ போகும், கோட்டுல முட்டி முட்டி நிக்கும், நாலஞ்சு தடவைல தானா வழி புடிச்சுக்கும். ஒவ்வொரு தடவைக்கும் நேரம், தப்பு ரெண்டையும் குறிச்சு கிராஃப் போட்டு, வலது கைல கத்துக்கிட்டது எடது கைக்கும் போகுதான்னு பாக்கணும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எல்லா செமஸ்டர்லயும் ஏதோ ஒரு ரூபத்துல வரும், எங்க பேட்ச்ல திணறுனவங்க எல்லாம் அதுலதான் திணறுனாங்க. பயாலஜி குரூப்ங்கறதால மூளை நரம்பு பேப்பர் தங்கச்சிக்கு ஈசியா இருக்கும், கணக்குல மட்டும் கை வெக்கச் சொல்லுங்க.

வாத்தியார் வேலை புடிச்சா எம்.எஸ்சி முடிச்சு, காலேஜ் வாத்தியாருக்கான நெட் தகுதித் தேர்வு எழுதலாம், மேல்படிப்புக்கான கேட் தேர்வுலயும் 2021ல இருந்து ஹ்யூமானிட்டிஸ் பேப்பர்ல சைக்காலஜி இருக்கு, ஐஐடில பிஎச்.டி போறதுக்கு அது ஒரு வழி.

கருப்பட்டி காபி

ஃபாரன்சிக் பத்தி. பாப்பா சீரியல்ல பாக்கறது மாதிரி இல்லம்மா. நார்கோன்னு மருந்து குடுத்துப் பேச வெக்கறது, பாலிகிராஃப்னு பொய் கண்டுபுடிக்கற கருவி, பிரெயின் மேப்பிங்னு மூளை அலை பாக்கறது இதெல்லாம் ஆளோட சம்மதம் இல்லாம பண்ணக் கூடாதுன்னு 2010ல செல்வி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. குஜராத் காந்திநகர்ல தேசிய ஃபாரன்சிக் சயின்ஸ் யுனிவர்சிட்டில ஃபாரன்சிக் சைக்காலஜிக்குன்னே மாஸ்டர்ஸ் இருக்கு, லேப் வேலைக்கு அது வழி, ஆனா போஸ்டிங் ரொம்பக் கம்மி.

ஆனா சட்டமும் மனசும் சேர்ற எடம் நம்ம ஊர்லயே நெறைய இருக்கு, அத யாரும் ஃபாரன்சிக்னு நெனைக்கறதில்ல. 16 வயசுல இருந்து 18க்குள்ள ஒரு பையன் கொடூரக் குற்றத்துல மாட்டுனா அவன பெரியவனா நெனச்சு விசாரிக்கலாமான்னு இளைஞர் நீதிக் குழுமம் மொதல்ல ஒரு மதிப்பீடு பண்ணணும், 2015 சட்டம் 15ஆவது பிரிவு. அவனுக்கு தான் பண்றது புரிஞ்சுச்சா, எந்த சூழ்நிலைல பண்ணான்னு பாக்கறதுக்கு சைக்காலஜிஸ்ட் உதவிய கேக்கலாம்னு அதுல இருக்கு. அந்த ரூம்ல அந்தப் பையன் என் முன்னாடி ஒக்காரும்போது கால் தரைல எட்டாத மாதிரி சின்னதா இருப்பான், ஃபைல்ல பெரிய குற்றம் எழுதியிருக்கும். ரெண்டையும் ஒரே நேரத்துல கண்ணுல வெச்சுக்கிட்டு ஒரு ரிப்போர்ட் எழுதணும். அந்தக் குழுமத்துல உறுப்பினராகவே குழந்தை உளவியல் படிச்சு தொழில் பண்றவங்க வரலாம். போக்சோ வழக்குல கொழந்தைய சாட்சிக்குத் தயார் பண்றது, சகி மையத்துல அடி வாங்கிட்டு வர்ற பொண்ணுங்களோட ஒக்கார்ற கவுன்சிலர், மத்திய சிறைல கைதிங்களோட வேலை, இதெல்லாம் இந்தப் பக்கத்துல வரும்.

மாவட்ட அளவுல இன்னும் சொல்றேன், இத குறிச்சு வெச்சுக்கோங்க அண்ணா. மாவட்ட மனநலத் திட்டத்துல சைக்காலஜிஸ்ட், ஆறு வயசுக்குள்ள இருக்கற கொழந்தைங்கள பாக்கற டிஇஐசி மையத்துல சைக்காலஜிஸ்ட், ஹெச்ஐவிக்கான நம்பிக்கை மையத்துல கவுன்சிலர், குழந்தைகள் பாதுகாப்பு அலகுல கவுன்சிலர், 14416 டெலிமானஸ்னு மனநல உதவி ஃபோன் லைன்ல பேசறவங்க. 2022 அக்டோபர்ல அந்த லைன் நாடு முழுக்க வந்துச்சு. இதுல பலது தொகுப்பூதியம், ஒப்பந்த வேலை, வருஷா வருஷம் நீட்டிப்பாங்க, நிரந்தரம் கெடையாது. இத மறைக்க விரும்பல. நிரந்தரம்னா டிஎன்பிஎஸ்சில கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் போஸ்ட் எப்பயாச்சும்தான் வரும்.

எதுக்கு இதுல இருக்கீங்கன்னு கேட்டா ஏர்வாடியத்தான் சொல்லுவேன். 2001 ஆகஸ்ட் 6, கொட்டகைல சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருந்தவங்க தீயில ஓட முடியாம 28 பேரு செத்தாங்க. மனசு சரியில்லாத ஆள எங்க கூட்டிட்டுப் போறதுன்னு வீட்டுக்காரங்களுக்குத் தெரியாததுதான் அவங்கள அங்க கொண்டுபோய் விட்டுச்சு. சேர்வராயன் மலை ஊருங்கள்ல இன்னைக்கும் மொதல்ல கோயிலுக்கும் மந்திரிக்கறவருக்கும்தான் போறாங்க, அவங்கள குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, கீழ எறங்கி ஆஸ்பத்திரி வர ஒரு நாள் கூலி போகுது. அவங்க ஊருக்கே போய் ஒக்கார்றதுக்கு ஆள் வேணும். அந்த ஊருங்கள தெரிஞ்ச, இந்தப் பேச்சு பேசற புள்ளைங்க படிச்சு வந்து பண்ற மாதிரி வெளியூர் ஆளுங்களால பண்ண முடியாது.

சூரமங்கலம் லோகோ

நான் சைக்காலஜி படிச்சவன் இல்ல, அசிஸ்டெண்ட் லோகோ பைலட். ஆனா சைக்காலஜிதான் என்ன எஞ்சின்ல ஏத்துச்சு, அதனால எழுதறேன்.

ரயில்வேல ஏஎல்பி எழுதறவங்களுக்குத் தெரியும், எழுத்துப் பரிட்சை பாஸ் பண்ணாலும் சிபிஏடினு கம்ப்யூட்டர்ல ஒரு ஆப்டிடியூட் டெஸ்ட். ஞாபகம், சொன்னத அப்படியே செய்யறது, ஆழம் பாக்கறது, கவனம், வேகமா கண்ணால கண்டுபுடிக்கறது, அஞ்சு பாகம், ஒவ்வொண்ணுலயும் 42 டி-ஸ்கோர், அதாவது மத்தவங்களோட ஒப்பிட்டுப் போடற மார்க், எடுக்கணும், நாலுல பிரமாதமா பண்ணிட்டு ஒண்ணுல 41 வந்தாலும் வெளிய. இத உருவாக்கறது லக்னோல ஆர்டிஎஸ்ஓங்கற ரயில்வே ஆராய்ச்சி அமைப்போட சைக்கோ டெக்னிகல் பிரிவு, அங்க முழுக்க சைக்காலஜி படிச்சவங்க. என் ரூம்மேட் ஒருத்தருக்கு இதோட ஆரம்பம் தெரிஞ்சிருந்துச்சு, நூறு வருஷத்துக்கு முன்னாடி ஹ்யூகோ மன்ஸ்டர்பெர்க்னு ஒருத்தரு அமெரிக்காவுல டிராம் ஓட்டறவங்களுக்கு இதே மாதிரி டெஸ்ட் பண்ணாராம்.

வண்டிலயும் பாருங்க, விஜிலன்ஸ் கருவின்னு ஒண்ணு, ஒரு நிமிஷம் நாம எதையும் தொடலன்னா லைட் எரியும், அப்பறம் சத்தம், அதுக்கும் நாம பட்டன் அமுக்கலன்னா தானா பிரேக் புடிச்சுரும். சிக்னல் வந்தா நானும் சீனியரும் ஒருத்தருக்கொருத்தர் சத்தமா சொல்லிக்கணும், ராத்திரி மூணு மணிக்கு மொரப்பூர் தாண்டும்போது கண்ணு சொக்கற நேரத்துல அந்த சத்தம்தான் காப்பாத்தும். மனுசன் தூங்குவான், மறப்பான்னு தெரிஞ்சு அத மனசுல வெச்சு வண்டியும் ரூலும் பண்ணியிருக்காங்க. இதுக்கும் சைக்காலஜில ஒரு பிரிவு இருக்கணுமே?

வீட்டிலிருந்து வேலை

இருக்கு தலைவா, ஹ்யூமன் ஃபேக்டர்ஸ்னு பேரு, நான் அதோட இன்னொரு கெளைல இருக்கேன், ஆப் யூசர் ரிசர்ச். எம்.எஸ்சி சைக்காலஜிதான் படிச்சேன், பெங்களூர் கம்பெனி, அஸ்தம்பட்டில வீட்ல இருந்து வேலை.

ரெண்டாம் உலகப் போர்ல பி-17 விமானம் பத்திரமா எறங்குன அப்பறம் ஓடுபாதைலயே பைலட் சக்கரத்த உள்ள மடக்கி விமானத்த வயித்துல ஒக்கார வெச்சுருவாங்க. பைலட் கவனக்கொறைவுன்னு எழுதிட்டே இருந்தாங்க. அல்ஃபோன்ஸ் சபானிஸ்ங்கற சைக்காலஜிஸ்ட் போய்ப் பாத்தா சக்கரத்துக்கான லிவரும் றெக்கை மடலுக்கான லிவரும் பக்கத்துப் பக்கத்துல ஒரே மாதிரி. சக்கர லிவர் நுனில ஒரு குட்டி ரப்பர் சக்கரமும் இன்னொண்ணுல ஆப்பு மாதிரி ஒண்ணும் மாட்டிவிட்டாரு, தொட்டாலே தெரியும், அந்தப் பிரச்சன நின்னுச்சு. நான் பண்றதும் இதான், பணம் அனுப்பற ஆப்புல வயசானவங்க எந்த எடத்துல தப்பா அமுக்கறாங்கன்னு பக்கத்துல ஒக்காந்து பாத்து எழுதறது. இதுக்கு லைசென்ஸ் எதுவும் வேண்டாம். ஆனா இங்கிலீஷ்ல எழுதத் தெரியணும், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தெரியணும், மொத வேலைக்கு பெங்களூரோ சென்னையோ போய்த்தான் ஆகணும்.

சங்ககிரி ஹெச்ஆர்

இண்டஸ்ட்ரியல் சைக்காலஜிக்கு உள்ளூர் நெலவரம் நான் சொல்றேன். நம்ம பக்கம் ஸ்டீல், மில்லு, சேகோ ஃபேக்டரி, லாரி பாடி கட்டறதுன்னு கம்பெனி இருக்கு, இண்டஸ்ட்ரியல் சைக்காலஜிஸ்ட்னு போஸ்ட் எங்கயும் கெடையாது. ஹெச்ஆர்னுதான் இருக்கும், அதுக்கு எம்பிஏவும் எம்.எஸ்.டபிள்யூவும், அதாவது சோஷியல் வொர்க் மாஸ்டர்ஸும், போட்டி. 500 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற ஃபேக்டரிக்கு வெல்ஃபேர் ஆபீசர் வேணும்னு 1948 ஃபேக்டரி சட்டம் 2025 வரைக்கும் சொல்லுச்சு, அதுக்கும் பெரும்பாலும் சோஷியல் வொர்க், லேபர் படிச்சவங்களத்தான் எடுக்கறோம். பொண்ணுக்கு கம்பெனி பக்கம் இஷ்டம்னா பி.எஸ்சி சைக்காலஜி முடிச்சுட்டு எம்.எஸ்.டபிள்யூ போகட்டும், அந்த சேர்க்கை நல்லா எடுபடும். எங்ககிட்ட ஒரு பொண்ணு அப்படி வந்துச்சு, வந்த ஒடனே நைட் ஷிஃப்ட் சுத்து முறைய மாத்தச் சொல்லி அடம் புடிச்சு மாத்த வெச்சுது, விடிகாலை நேரத்துல கை அடிபடறது கொறஞ்சுது. அந்தப் பொண்ணு பேச்ச மேனேஜர் கேக்கறதுக்கு மாசக்கணக்கா ஆச்சு, அதுவரைக்கும் விடாம நின்னுச்சு.

ஸ்போர்ட்ஸ் சைக்காலஜி பத்தி யாரும் சொல்லல, எனக்குத் தெரிஞ்சு சேலத்துல அத மட்டும் வெச்சுப் பொழைக்க முடியாது.

நேர்பேச்சு

எல்லாத்தையும் படிச்சேன். நான் சொன்னதுல ஒண்ண மாத்திக்கறேன், வேலை இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா எங்க போகணும்னு தெரியாம பி.எஸ்சி சேந்தா ஆபத்துதான்ங்கறத இன்னும் சொல்லுவேன்.

ஒண்டிக்கடை மீனா

அதுல எனக்கும் மறுப்பு இல்ல தம்பி. ஆனா பதினேழு வயசுல கிளினிக்கலா ஸ்கூலான்னு முடிவெடுக்கச் சொல்லாதீங்க. மூணாவது வருஷத்துக்குள்ள ஒரு ஸ்பெஷல் ஸ்கூல்ல, ஒரு ஆஸ்பத்திரி ஓபில, ஒரு போதை மறுவாழ்வு மையத்துல கொஞ்ச நாள் போய் நின்னா தானாவே தெரிஞ்சுரும். லீவுல அனுப்புங்க அண்ணா, சம்பளம் கேக்காம.

அம்மாபேட்டை தறிக்காரர்

இது அவரு பொண்ணு எழுதறேன். அப்பா ஃபோன குடுத்தாரு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எனக்கு ஃபாரன்சிக்ல அந்த சின்னப் பசங்க ரிப்போர்ட் வேலையும் மீனா அக்கா சொன்ன ஸ்கூல் வேலையும் ரெண்டுமே புடிச்சிருக்கு. அண்ணன் மாதிரி பசங்கள முன்னாடியே கண்டுபுடிக்கணும்னு தோணுது. நான் தமிழ் மீடியம். சைக்காலஜி புக் எல்லாம் இங்கிலீஷ்லதான் இருக்காம், என்னால முடியுமா? பி.எஸ்சிக்கு எந்தக் காலேஜ்னு எத வெச்சு முடிவு பண்ணட்டும்?

கருப்பூர் ரெண்டாவது செமஸ்டர்

நானும் தமிழ் மீடியம்தான்ம்மா, காடையாம்பட்டி கவர்மெண்ட் ஸ்கூல். பி.எஸ்சில மொத செமஸ்டர் கஷ்டமாத்தான் இருக்கும், ஒரு பக்கத்துக்கு பத்து வார்த்தைக்கு அர்த்தம் எழுதி எழுதி படிச்சேன், மூணாவது செமஸ்டர்ல அந்த நோட்ட தேட வேண்டி வரல. ஆஸ்பத்திரில இண்டர்ன்ஷிப் போனப்ப வந்த அத்தன பேரும் தமிழ்லதான் பேசுனாங்க, அங்க சிட்டில இங்கிலீஷ் மீடியம் படிச்ச என் ஃப்ரெண்ட்ஸ்தான் திணறுனாங்க. நீ கவர்மெண்ட் ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து படிச்சிருந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா வரும், காலேஜ்லயே அப்ளை பண்ணிக்கலாம்.

காலேஜ் பாக்கப் போறப்ப நாலு கேள்வி கேளு. சைக்காலஜி டிபார்ட்மெண்ட்ல சைக்காலஜி படிச்ச வாத்தியாருங்க எத்தன பேரு, லேப்ப காட்டுவீங்களா, டெஸ்ட் கிட் பீரோல பூட்டி இருக்கா இல்ல புள்ளைங்க கைல இருக்கா, இண்டர்ன்ஷிப் எங்க அனுப்பறீங்க. பதில் சொல்லாம பில்டிங்க மட்டும் காட்டுனா வெளிய வந்துரு. மாமா, எங்க டிபார்ட்மெண்ட்ட பாக்கணும்னா வேலை நாள்ல காலைல தங்கச்சிய கூட்டிட்டு கருப்பூர் வாங்க, என் மொத வருஷ நோட்டு எல்லாம் எடுத்து வெக்கறேன்.